கன்றுக்குட்டியும் கிருமிக்கொல்லியும்

ஞாயிற்றுக்கிழமைதோறும் மந்திர் மார்க்கில் ஒரு தமிழ்க் குடும்பத்தாரின் வீட்டிற்குச் செல்வது என் வழக்கம். அவ்வீட்டுச் சிறுவனுக்கு இரசாயனம் சொல்லிக்கொடுப்பதாகப் பெயர். மாமியின் காப்பிக்காகச் செல்கிறேன் என்பதே உண்மை. சில வாரங்களுக்கு முன், அடுப்பிலே பால் பொங்கி வரும் வேளையில், மாமி திடீரென்று ஒரு கேள்வியைப் போட்டார்.

“நீ ஏதோ மாட்டுத் தீவனத்தைப் பற்றிப் படிக்கிறாயாமே? மாட்டுக்கும் கன்றுக்கும் ஆன்டிபயாடிக் கொடுக்கிறார்கள் என்று பேப்பரில் போட்டிருந்தது. இந்தப் பாலைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லு.”

“கொடுக்கலாம் மாமி” என்றேன். காப்பியைக் குடித்துவிட்டு வெளியே வந்து, நம் தமிழ்ப் பள்ளியையும் பிர்லா மந்திரையும் கடந்து பஸ்ஸுக்கு நடக்கும்போது, நான் சொன்ன விடை பாதிதான் என்று மனத்தில் உறுத்தியது. மற்றப் பாதி பாலைப் பற்றியது அன்று, கன்றைப் பற்றியது. அது ஒரு வார்த்தையில் அடங்காது. ஆகையால் நம் சங்க மலரில் சில பக்கங்களைப் பிடித்துக்கொள்கிறேன். அன்பர்கள் பொறுத்தருள்க.

முதலில், சொன்ன பாதிக்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். 2018-ஆம் ஆண்டில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைத் திரட்டிச் சோதித்தது. அவற்றுள் அளவை மீறிய ஆன்டிபயாடிக் இருந்தவை 77. நூற்றுக்கு ஒன்றேகால் என்று வைத்துக்கொள்ளலாம். பூஞ்சணம் பிடித்த தீவனத்திலிருந்து பாலில் இறங்கும் அப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருந்தவையோ 368. அந்த வரிசையில் முன் நின்றவை தமிழ்நாடும் தில்லியும் கேரளமும்! மாமி கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். ஆனால் அது வேறு கட்டுரை. பாலைக் காய்ச்சினால் கிருமிகள் மடியும். கரைந்திருக்கும் மருந்து காய்ச்சுவதால் முற்றும் போய்விடாது. எனினும், சந்தைக்கு வரும் பாலைச் சோதிக்க ஆள் உண்டு, அளவு உண்டு, சட்டம் உண்டு.

கன்று பால் தருவதில்லை. ஆகவே அதைச் சோதிக்க எவரும் இல்லை. அதற்கு என்ன ஊட்டினார்கள், எத்தனை நாள் ஊட்டினார்கள், அதன் குடலில் எந்தக் கிருமிகள் குடியேறின என்ற கணக்கு எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. மீதிப் பாதி ஒளிந்திருப்பது இங்கேதான்.

தீவனத்தில் மருந்து நுழைந்த கதை சுவையானது. அது ஒரு பிடி மண்ணில் தொடங்குகிறது. அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சான்பார்ன் வயலில் 1945-இல் எடுத்த மண்ணிலிருந்து, பொன்னிறமான ஒரு நுண்ணுயிரைப் பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியல் பேராசிரியர் பிரித்தெடுத்தார். பல்கலைக்கழகத்தில் ஓய்வு பெற்று, எழுபது வயதைத் தாண்டியபின், லெடர்லி மருந்துக் கம்பெனியில் வேலைக்கு அமர்ந்தவர் அவர். அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் நம் பக்கத்து மனிதர்: பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். அந்த நுண்ணுயிர் சுரந்த மருந்து, தன் பொன்னிறத்தால் ‘ஆரியோமைசின்’ என்று பெயர் பெற்று 1948-இல் உலகிற்கு அறிமுகமாயிற்று. அதே ஆண்டில் சுப்பாராவ் மறைந்தார்.

அக்கம்பெனியில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டாக்ஸ்டாட் என்ற இருவர் கோழிக்குஞ்சுகளுக்குப் பி-12 வைட்டமினை மலிவாக ஊட்ட வழி தேடிக்கொண்டிருந்தனர். ஆரியோமைசின் ஊறிய சாறும் சக்கையும் அவ்வைட்டமினுக்கு உதவுமென்று எண்ணிக் குஞ்சுகளுக்குப் போட்டனர். குஞ்சுகள் வளர்ந்தன, வைட்டமினால் வளரக்கூடியதற்கும் மேலே வளர்ந்தன! சக்கையில் ஒட்டியிருந்த மருந்தே அதற்குக் காரணம் என்று 1950-இல் தெரிந்தது. மறு ஆண்டே, மிருக வைத்தியரின் சீட்டு இல்லாமல் தீவனத்தில் மருந்தைக் கலக்கலாம் என்று அமெரிக்க அரசாங்கம் அனுமதித்தது. கன்றுகளுக்கும் ஊட்டிப் பார்த்தார்கள். கழிச்சல் குறைந்தது, எடை கூடியது. யாருக்குத்தான் மகிழ்ச்சி வராது? ஒரு மூட்டைக்குச் சில கிராம், செலவு சொற்பம், பலன் கண்கூடு.

ஆனால் கிருமிகள் சும்மா இருப்பவை அல்ல. ஒரு மருந்தைக் குறைந்த அளவில் நாள்தோறும் போட்டுவந்தால், அதற்கு அடங்கும் கிருமிகள் மடிய, அடங்காதவை மட்டும் எஞ்சிப் பெருகும். இது எல்லோரும் அறிந்ததே. அறியாத செய்தி ஒன்று உண்டு. அடங்காத் தன்மை ஒரு கிருமியின் பிள்ளைகளுக்கு மட்டுமே போகும் குடும்பச் சொத்து அன்று. பிளாஸ்மிட் என்ற சிறு வளையமாக அது ஒரு கிருமியிலிருந்து பக்கத்துக் கிருமிக்கும் கைமாறும். அண்டை வீட்டுக்காரி ஒரு கரண்டி உறைமோர் வாங்கிப் போவதைப் போல் என்று சொல்லலாம். கொடுத்தவளுக்குக் குறைவில்லை, வாங்கியவள் வீட்டிலும் மறுநாள் ஒரு சட்டி தயிர். வாங்குகிறவள் உறவினளாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கன்றின் குடலில் ஒன்றுமறியாத ஒரு கிருமி பெற்ற உறைமோர், மனிதனுக்கு நோய் தரும் வேறொரு கிருமியின் சட்டிக்கும் போய்ச் சேரலாம்.

கன்றுகளைக் கொண்டே இதை உலகம் அறிந்தது என்பதை இவ்விடத்தில் சொல்ல வேண்டும். 1960-களில் இங்கிலாந்தில் கன்று வியாபாரிகள், பிறந்து சில நாளே ஆன கன்றுகளைப் பல பண்ணைகளிலிருந்து வாங்கி, ஒரு கொட்டிலில் அடைத்து, பின் தொலைதூர மாவட்டங்களுக்கு லாரிகளில் அனுப்பிவந்தனர். தாயைப் பிரிந்து, பசித்து, நெருக்கி அடைபட்ட கன்றுகளிடையே சால்மொனெல்லா டைபிமூரியம் என்ற கிருமியின் 29-ஆம் வகை பரவியது. மருந்து மேல் மருந்தாகப் போட்டார்கள். கிருமி ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் வென்றது. கன்றுகளிலிருந்து மனிதர்களுக்கும் வந்தது. லண்டன் காலிண்டேல் ஆய்வுக்கூடத்தில் ஈ. எஸ். ஆண்டர்சன் என்ற விஞ்ஞானி இச்சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பின்தொடர்ந்து காட்டினார். அதன் விளைவாகப் பிரிட்டிஷ் அரசாங்கம் ஸ்வான் குழுவை அமைத்தது. மனித வைத்தியத்திற்கு வேண்டிய மருந்துகளை வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலத்தல் ஆகாது என்று அக்குழு 1969-இல் தெரிவித்தது.

பிறகு நடந்ததை விரைவாகச் சொல்லிவிடலாம். சுவீடன் 1986-இல் இவ்வழக்கத்தைத் தடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் முற்றிலும் நிறுத்தியது. அமெரிக்காவில் 2017 முதல் முக்கிய மருந்துகளுக்கு வைத்தியர் சீட்டு வேண்டும். சீனா 2020-இல் நிறுத்தியது. நம் நாட்டில் 2012-இல் மருத்துவச் சங்கங்கள் கூடிச் சென்னைப் பிரகடனம் வெளியிட்டன. 2019-இல் கோலிஸ்டின் என்ற மருந்து உணவுப் பிராணிகளுக்குத் தடை செய்யப்பட்டது. வேறு எதற்கும் அடங்காத கிருமிக்கு மனித வைத்தியர் கடைசியாக எடுக்கும் அம்பு அது. அதைக் கோழித் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தோம்!

தில்லியில் இருக்கும் நமக்கு இது ஊரார் கதை அன்று. கடைசி மருந்துகளையும் வெல்லும் ஒரு நொதிக்கு என்.டி.எம்.-1 என்று பெயர். அந்த ‘என்.டி.’ நியூ டெல்லிதான். அதைப் பற்றி 2010-இல் வெளிவந்து பெரும் பரபரப்பை மூட்டிய கட்டுரையின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குமாரசாமி கார்த்திகேயன். மறு ஆண்டில் தில்லியில் தேங்கிய நீர் மாதிரிகள் 171-ஐயும், குழாய் நீர் மாதிரிகள் 50-ஐயும் ஆராய்ந்தார்கள். முன்னதில் 51-லும், பின்னதில் 2-லும் அந்த நொதிக்குரிய மரபணு இருந்தது. அது கன்றுகளால் வந்தது என்று நான் சொல்லவில்லை. அவ்வாறு சொல்ல ஆதாரமும் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரிச் சாக்கடையும், வீட்டுச் சாக்கடையும், மாட்டுக்கொட்டில் சாக்கடையும் ஒன்றாகக் கலக்கும் நகரத்தில் உறைமோர் எவ்வளவு எளிதாகக் கைமாறும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். காஜிப்பூர், பல்ஸ்வா போன்ற இடங்களில் குப்பைமலைகளின் அடிவாரத்திலேயே பால் பண்ணைக் குடியிருப்புகள் இருந்ததையும், 2024-இல் தில்லி உயர்நீதிமன்றம் அதைக் கடிந்துகொண்டதையும் நண்பர்கள் படித்திருக்கலாம்.

நம் நாட்டில் தீவனத்தில் மருந்து கலப்பது கோழிப் பண்ணைகளில்தான் அதிகம். கன்றை மருந்து அடையும் வழி வேறு. ஒன்று, கழிச்சல் கண்டதும் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை. மற்றொன்று யாரும் மருந்து என்றே நினைக்காத வழி. மடிநோய் கண்ட பசுவிற்கு ஊசி போட்டால், குறித்த சில நாட்கள் அதன் பாலை விற்கக் கூடாது. விற்கக் கூடாத பாலைக் கொட்ட யாருக்கு மனம் வரும்? கன்றுக்கு ஊற்றிவிடுகிறார்கள். உலகெங்கும் இதே வழக்கம். மருந்து கலந்த அப்பாலைக் குடித்த கன்றின் சாணத்தில் அடங்காக் கிருமிகள் மிகுதி என்பது பல நாடுகளில் கண்ட உண்மை.

சரி, ஆன்டிபயாடிக்கை எடுத்துவிட்டால் அதன் இடத்தில் எதைப் போடுவது? என் ஆய்வுக்கூடத்து மேஜையின்மேல் சிறு குப்பிகளில் இருக்கும் பொருள்களெல்லாம் இக்கேள்விக்கு விடையாக வந்தவையே. சிலவற்றைக் காண்போம்.

முதலாவது, நல்ல கிருமிகளையே ஊட்டுவது. லாக்டோபாசிலஸ், பாசிலஸ் சப்டிலிஸ், ரொட்டி புளிக்க வைக்கும் ஈஸ்ட் ஆகியவை இவ்வகை. குடலின் உட்சுவர் ஒரு திண்ணை என்று வைத்துக்கொண்டால், நல்லவர்கள் முன்னமே வந்து அமர்ந்துவிட்டால் கெட்டவர்களுக்கு இடம் இராது. மேலும் இவை அமிலம் சுரப்பதால், அந்தப் புளிப்பு கெட்ட கிருமிகளுக்கு ஒவ்வாது. கர்நாலில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்திலும், பரேலியை அடுத்த இஜ்ஜத்நகர் கால்நடை ஆராய்ச்சி நிலையத்திலும் கன்றுகளுக்கு இவற்றை ஊட்டிப் பார்த்திருக்கிறார்கள். (கர்நால் நிலையம் 1923-இல் பெங்களூரில் பிறந்து 1955-இல் வடக்கே வந்தது. அதுவும் நம்மைப் போலத் தெற்கிலிருந்து குடிபெயர்ந்ததுதான்.) உலகத்துச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. நோயும் நெருக்கமும் மலிந்த கொட்டிலில் இவற்றின் பலன் தெரிகிறது. கன்று நன்றாகக் குடித்துச் சுத்தமாக இருக்கும் கொட்டிலில், ஊட்டிய கன்றுக்கும் ஊட்டாத கன்றுக்கும் அதிக வேற்றுமை காணோம். விற்பனைத் துண்டுப் பிரசுரங்கள் முதற்பாதியை மட்டும் அச்சிடுகின்றன.

இரண்டாவது, நல்ல கிருமிகளுக்கு உணவு போடுவது. வெங்காயம், பூண்டு, சிக்கரி வேர் ஆகியவற்றில் இனுலின் போன்ற சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. கன்று அவற்றைத் தானே செரிப்பதில்லை. குடலில் உள்ள நல்ல கிருமிகள் தின்று பெருகும். ஈஸ்டின் மேல்தோலிலிருந்து எடுக்கும் மன்னான் என்ற சர்க்கரை இன்னும் தந்திரமானது. சில ஈ-கோலை கிருமிகள் குடற்சுவரில் உள்ள மன்னோஸைப் பற்றிக்கொண்டே அங்கே தங்குகின்றன. அவற்றின் கையில் பொய்க் கொம்பாக மன்னானைக் கொடுத்துவிட்டால், அதைப் பிடித்துக்கொண்டு சாணத்தோடு வெளியேறிவிடும். படிக்கும்போதே மனத்தைக் கவரும் யுக்தி! ஆனால் பிறந்த நான்கைந்து நாட்களுக்குள் கன்றைக் கொல்லும் ஈ-கோலைக்குக் கே-99 என்ற வேறு வகைக் கை உண்டு. அது மன்னோஸைப் பிடிப்பதில்லை. எந்தக் கொம்பைக் கொடுத்தாலும் ஏமாறாது. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள்.

மூன்றாவது நம் அஞ்சறைப் பெட்டி. ஓமத்தில் தைமால் உண்டு, கற்பூரவல்லியில் கார்வக்ரால் உண்டு, பட்டையிலும் பூண்டிலும் வேறு சத்துகள் உண்டு. இவை கிருமிகளின் மேல்தோலைக் குலைக்கின்றன என்பது கண்ணாடித் தட்டில் எளிதாக மெய்ப்பிக்கக் கூடியது. கன்று கண்ணாடித் தட்டு அல்லவே! ஓமத்தின் எண்ணெய் அளவு வயலுக்கு வயல், அறுப்புக்கு அறுப்பு மாறும். பூண்டின் அல்லிசின் நசுக்கிய பின்தான் பிறக்கிறது; சிறிது நேரத்தில் சிதைந்தும் போகிறது. சரியான அளவு பசியைத் தூண்டும். மிகுந்தால் கன்று பாலையே முகராது. பாட்டிமார் வைத்தியம் என்று இதை ஏளனம் செய்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பாட்டி சொன்னது என்பதாலேயே மெய் என்பவர்களோடும் இல்லை. தஞ்சையில் கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி காட்டிய வழி இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு ஆகியவற்றை அளவோடு அரைத்து மடிநோய்க்குப் பூசும் முறையை அவர் பரப்பினார். தேசியப் பால்வள வாரியமும் அதை ஏற்றுப் பல மாநிலங்களில் பரப்பிவருகிறது. இது பசுவுக்கான மருந்தாயிற்றே, கன்றுக்கு என்ன என்று கேட்கலாம். பசுவிற்கு ஊசி குறைந்தால், ஊசிப் பால் கன்றின் வாளிக்குப் போவதும் குறையும். கன்றைக் காக்கும் வழி சில வேளை தாயின் மடி வழியாகத்தான் போகிறது.

இன்னும் உண்டு. குடற்சுவர் வளர உதவும் பியூட்டிரிக் அமிலத்தின் உப்புகள், கோழிக்கு ஈ-கோலைத் தடுப்பூசி போட்டு, அதன் முட்டைக்கருவில் வரும் எதிர்ப்புப் புரதத்தைப் பொடியாக்கிக் கன்றுக்குக் கொடுப்பது, துத்தநாகம். பன்றிக்குட்டிகளுக்குத் துத்தநாகத்தை அள்ளிப் போட்டதில் மண் கெட்டது, அடங்காக் கிருமிகளும் பெருகின என்று ஐரோப்பா 2022-இல் அதை நிறுத்திவிட்டது. மாற்று என்ற பெயரோடு வருவதெல்லாம் தீங்கற்றது ஆகிவிடாது.

இத்தனையும் படித்து, எழுதி, குப்பிகளைக் குலுக்கிய பின்னும் எனக்கு ஓர் ஐயம் தீரவில்லை. ஆன்டிபயாடிக் எந்தக் குழியை நிரப்பிக்கொண்டிருந்தது? அதை அறியாமல் வேறு பொருளைக் கொட்டி என்ன பயன்? விடையை நான் ஆய்வுக்கூடத்தில் அறியவில்லை. அறிந்த இடத்தைச் சொல்ல வெட்கமாகவே இருக்கிறது.

எங்கள் ஊர் ஈரோட்டுப் பக்கம். வீட்டில் இரண்டு கறவை மாடுகள். நான் பி.எஸ்ஸி. முடித்து, தில்லிக்குப் புறப்படுவதற்கு முந்தைய கோடையில் ஒரு மாடு கிடாரிக்கன்று ஈன்றது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். நஞ்சுக்கொடி விழுந்த பின்தான் கன்றை மடியில் விடுவார்கள். விழுந்த கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவார்கள். அதுவரை கன்று கத்திக்கொண்டு கிடக்கும். அன்று கொடி விழ இரவு வெகுநேரம் ஆயிற்று. மறுநாள் சீம்பாலில் பெரும்பகுதியை அப்பத்தா வெல்லமும் ஏலமும் போட்டு அவித்து, பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்து அனுப்பினார். நானும் இரண்டு கிண்ணம் தின்றேன்.

ஒன்பதாம் நாள் கன்றுக்கு மஞ்சளாகக் கழிச்சல் கண்டது. வீட்டில் விஞ்ஞானம் படித்தவன் நான் ஒருவன்தான்! மருந்துக்கடைக்கு ஓடி ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிவந்து பொடித்துப் புகட்டினேன். கழிச்சல் நிற்கும் வரை பால் ஆகாது என்று மடியிலும் விடவில்லை. மூன்றாம் நாள் காலை கண்கள் குழிவிழுந்து, எழ முடியாமல் கிடந்தது. மத்தியானம் போய்விட்டது. “விதி, கண்ணு” என்றார் அப்பத்தா.

விதி அன்று. இப்பொழுது எனக்குத் தெரியும். மனிதக் குழந்தை கருவிலேயே தாயின் இரத்தத்திலிருந்து எதிர்ப்புப் புரதங்களைப் பெற்றுவிடுகிறது. பசுவின் நஞ்சுக்கொடி அவற்றைக் கடத்துவதில்லை. கன்று ஏறக்குறைய ஒரு காப்பும் இன்றி இந்த உலகில் விழுகிறது. அதன் காப்பு முழுவதும் சீம்பாலில் இருக்கிறது. பிறந்தவுடன் கன்றின் குடல் அப்பெரிய புரதங்களைச் சிதைக்காமல் அப்படியே இரத்தத்தில் விடும். மணிக்கு மணி அந்தக் கதவு மூடிக்கொண்டே வந்து, ஒரு நாளில் அடைபட்டுவிடும். முப்பது கிலோ கன்றுக்கு முதல் நாளில் மூன்று லிட்டர் சீம்பால் வேண்டும். அதில் பாதி முதல் இரண்டு மணி நேரத்திற்குள் போக வேண்டும். கொடி விழட்டும் என்று காத்திருந்த நேரத்தில் எங்கள் கன்றின் கதவு பெரும்பாலும் சாத்தியாகிவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், கன்று முட்டிக் குடிக்கும்போது தாயின் உடலில் ஆக்ஸிடோசின் சுரக்கிறது, கருப்பை சுருங்குகிறது, கொடி விழவும் அதுவே துணை செய்கிறது. எதற்காகக் காத்திருந்தோமோ, அதை விரைவுபடுத்தும் வழியையே கட்டி வைத்திருந்தோம்.

அடுத்தது என் மாத்திரை. அந்த வயதில் கன்றுக்குக் கழிச்சல் தருவன பல: ரோட்டா வைரஸ், கொரோனா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுயிர், இவற்றோடு பாக்டீரியாக்களும். வைரஸுக்கும் அவ்வொட்டுயிருக்கும் என் மாத்திரை ஒன்றும் செய்யாது. எங்கள் கன்றுக்கு வந்தது எது என்று எவரும் சோதிக்கவில்லை. எதுவாயினும் கன்றைக் கொல்வது பெரும்பாலும் கிருமியே அன்று. உடலில் இருந்து இறங்கிப்போகும் நீரும் உப்புமே. 1971-இல் வங்காள அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலநாபிஸ் காலராவுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொடுத்து எண்ணற்ற உயிர்களைக் காத்தார் அல்லவா? கன்றுக்கும் அதே தத்துவம்தான். பாலை நிறுத்தாமல், இடையிடையே அந்நீரைக் கொடுத்திருக்க வேண்டும். நான் நீரும் கொடுக்கவில்லை, பாலையும் நிறுத்தினேன். மாத்திரையை மட்டும் தவறாமல் வேளைக்குக் கொடுத்தேன். காய்ச்சல், சாணத்தில் இரத்தம், இரத்தத்தில் கிருமி ஏறிய அறிகுறி இருந்தால் ஆன்டிபயாடிக் வேண்டியதுதான். அப்பொழுது அதை மறுப்பது கொடுமை. அதை முடிவு செய்ய மிருக வைத்தியர் இருக்கிறார். பி.எஸ்ஸி. பட்டம் போதாது.

ஆகவே என் ஐயத்திற்கு விடை இது: அந்த மருந்து நிரப்பிக்கொண்டிருந்தது, கன்றின் வாயிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட பால் விட்டுப்போன குழியை.

எடுத்துக்கொள்வதற்கும் காரணம் உண்டு. உழவரைப் பழிப்பது எளிது. ஒரு கன்று நாளைக்கு மூன்று லிட்டர் குடிப்பதாகவும், லிட்டர் 40 ரூபாய்க்குப் போவதாகவும் வைத்துக்கொண்டால், இரண்டு மாதத்திற்கு 7,200 ரூபாய். காளைக்கன்று என்றால் அப்பணம் திரும்பாது. ஏர் உழவு போய்விட்டது, வண்டியும் போய்விட்டது. 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கில் நாட்டின் மாட்டினம் 19 கோடியே 25 இலட்சம். அதில் பசுக்கள் மட்டும் 14 கோடியே 51 இலட்சம். பிறப்பது பாதிக்குப் பாதி. மற்றவை எங்கே என்று அந்தக் கணக்குப் புத்தகம் சொல்லாது. நகரத்துக் கொட்டில்களில் கன்று செத்தபின், அதன் தோலில் வைக்கோல் அடைத்துத் தாயின் முன் நிறுத்துவார்கள். இல்லையேல், பால் இறங்க ஆக்ஸிடோசின் ஊசி போடுவார்கள். 2024-இல் தில்லி உயர்நீதிமன்றம் அவ்வூசியைப் பிராணிவதை என்றே கூறியது. கன்று இலவசமாகச் செய்துகொண்டிருந்த வேலைக்கு இப்படி ஊசி தேவைப்படுகிறது.

இந்நிலையில், “ஒரு பொட்டலம் கலந்தால் போதும், ஆன்டிபயாடிக் வேண்டாம்” என்று ஒருவர் வந்தால் உழவர் வாங்கத்தானே செய்வார்? மூன்று லிட்டர் பாலை விடப் பொட்டலம் மலிவு. எனக்கு இந்தப் பொட்டலங்கள்மேல் பகை இல்லை. என் பட்டமே அவற்றை நம்பித்தான் இருக்கிறது! சீம்பால் வேளைக்குப் போய், பால் வயிறார ஊட்டி, தரை உலர்ந்திருந்து, இரண்டாம் வாரத்திலிருந்து சிறிது தானியத் தீவனமும் பழக்கிய கன்றுக்கு, பால் மறக்கும் காலத்திலும் இடம் மாறும் காலத்திலும் ஈஸ்டோ லாக்டோபாசிலஸோ நல்ல துணை. தானியம் இன்றியமையாதது, அது அசையூண் வயிற்றில் புளித்துப் பியூட்டிரிக் அமிலம் பிறந்தால்தான் அவ்வயிற்றின் உட்சுவர் வளர்கிறது. விலைக்கு வாங்கும் அமிலத்தைக் கன்றே உள்ளே காய்ச்சிக்கொள்ளும். சீம்பாலே போகாத கன்றுக்கு மட்டும் எந்தப் பொட்டலமும் கை கொடுப்பதை நான் இதுவரை காணவில்லை.

சென்ற ஞாயிறு மாமியிடம் இவ்வளவையும் சொன்னேன். சிறுவனின் இரசாயனப் பாடம் அன்று நடக்கவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, “அப்படியானால் நான் இத்தனை நாளாகச் சீம்பால் கிடைக்கவில்லையே என்று குறைப்பட்டதே தப்பா?” என்றார். முதல் நாள் கன்று குடித்தது போக மிஞ்சுவதைத் தின்பதில் குற்றமில்லை என்று ஆறுதல் கூறினேன்.

சென்ற மாதம் ஊரில் மற்ற மாடு ஈன்றது. முன்கூட்டியே அப்பாவிடம் தொலைபேசியில் பத்து முறையாவது சொல்லியிருந்தேன். அப்பத்தாவோடு ஒரு சிறு போராட்டம் நடந்ததாம். கன்றைத் துடைத்து, கொடி விழுமுன்பே மடியில் விட்டார்களாம். விழுந்த கொடியை வழக்கப்படி ஆலமரத்தில் கட்டியும் ஆயிற்றாம். காளைக்கன்று. இந்த முறை சீம்பால் பக்கத்து வீடுகளுக்குப் போகவில்லை. அப்பத்தாவுக்கே அரைத் தம்ளர்தான் கிடைத்ததாம். அதற்காக என்னிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை.